தலைக்குப் பெயர் உண்டு, உடம்புக்கு?

1

புராணங்களிலும் இதிகாசங்களிலும் பெயரில்லாமல் வந்துபோகும் பெண்களுக்குப் பெயர் வைக்கிற வேலை நம்மிடையே மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது. கவிதையில் வைக்கிறார்கள். வீதி நாடகத்தில் வைக்கிறார்கள். கூட்டத்தில் பேசும்போது மேடையிலேயே வைக்கிறார்கள். வரலாறு மறுத்த பெயரை நாம் கொடுக்கிறோம் என்று சொன்னால் கைதட்டலும் கிடைக்கிறது. இதில் போய்க் குறுக்கே நின்றால், 'பெயர் கூட வைக்கக் கூடாதா தோழர்?' என்று கோபப்படுகிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் யார் வைப்பது, யாருக்காக வைப்பது, வைத்த பெயர் கடைசியில் யார் தலையில் போய் விழுகிறது என்று கேட்டுக்கொள்ளாமல் ஒரு பெயரையும் வைத்துவிட முடியாது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் படவேடு இருக்கிறது. சம்புவராயர்கள் ஆண்ட ஊர். இன்றைக்கு அந்த ஊரைத் தெரிந்துவைத்திருப்பவர்களுக்கு ரேணுகாம்பாள் கோயிலால்தான் தெரியும். ஆடி மாதம் வந்துவிட்டால் வெள்ளிக்கு வெள்ளி கூட்டம் தாங்காது. கருவறையில் முதன்மையாகக் கும்பிடப்படுவது அம்மனின் சிரசு. தலைதான் தெய்வம்.

கதை எல்லோருக்கும் தெரியும். ஜமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகை. ஆற்று மணலிலேயே குடம் பிடித்து அதில் தண்ணீர் கொண்டுவரும் கற்பு அவளுக்கு. ஒருநாள் தண்ணீரில் கந்தர்வனின் நிழலைப் பார்த்து மனம் ஒரு நொடி அசைய, குடம் கரைந்துபோனது. தாயை வெட்டு என்று மகன் பரசுராமனுக்கு முனிவர் உத்தரவு போட்டார். இதுவரைக்கும் அக்கிரகாரம் சொல்வதும் ஊர் சொல்வதும் ஒன்றுதான். இதற்கு மேல்தான் சேரி வருகிறது. வெட்டவந்த மகனுக்குப் பயந்து ஓடிய ரேணுகை சேரிக்குள் புகுந்து ஒரு பறைச்சியைக் கட்டிக்கொண்டாள். விழுந்த வெட்டில் இரண்டு தலையும் உருண்டன. அப்பனிடம் வரம் வாங்கிக்கொண்டு திரும்பிய மகன் உயிர் கொடுக்கும் அவசரத்தில் தலையை மாற்றி வைத்துவிட்டான். ரேணுகையின் தலையும் பறைச்சியின் உடம்புமாக எழுந்தவள் மாரியம்மன் ஆனாள். பறைச்சியின் தலையும் பார்ப்பனத்தியின் உடம்புமாக எழுந்தவள் எல்லம்மா ஆனாள்.

சென்னை பிஷப்பாக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி 1916இல் வெளியிட்ட நூலில் ஏறத்தாழ இந்தக் கதையே பதிவாகியிருக்கிறது. அதற்கும் முன்னால், 1782இல் வெளிவந்த சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரரின் பயண நூலில் கதை வேறு மாதிரி. அங்கே பறைச்சி யாருக்கும் அடைக்கலம் தந்தவள் இல்லை. குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்டுக் கிடந்தவள். அவள் உடம்பை எடுத்துத்தான் ரேணுகையின் தலையை ஒட்டவைக்கிறார்கள். ஜெர்மானியக் கவி கதேயின் கைக்குப் போய் 1824இல் 'பாரியா' கவிதைகளாக வெளிவந்ததும் இந்தக் கதைதான். ஆக, அந்தப் பறைச்சி உலகம் சுற்றியவள். சேரியில் ஓடிவந்தவளைத் தாங்கியவளாகவும், கொலைக்களத்தில் கிடந்த குற்றவாளியாகவும் அவளுக்கு இரண்டு வாழ்க்கை. இரண்டிலும் பெயர் மட்டும் இல்லை.

இந்தக் கதையில் வேறு யாருக்குப் பெயர் இல்லை என்று பாருங்கள். முனிவருக்கு உண்டு, மனைவிக்கு உண்டு, மகனுக்கு உண்டு. வெட்டிய கோடரி கூட மகனின் பெயரிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. தலைக்குப் பெயர் ரேணுகை. அந்தத் தலையைச் சுமக்கிற உடம்புக்குச் சாதி மட்டுமே உண்டு.

வியாச பாரதத்தின் வனபர்வத்திலும் ரேணுகை கதை வருகிறது. அதில் பறைச்சியே இல்லை. வெட்டினான், வரம் கேட்டான், தாய் எழுந்தாள், அவ்வளவுதான். அப்படியென்றால் மூலப் பிரதியில் இருந்து பிறகு யாரோ அழித்த பெயரை நாம் தேடிக்கொண்டிருக்கவில்லை. சமஸ்கிருதப் பிரதி நினைத்தே பார்க்காத ஒருத்தியை வாய்மொழிக் கதைதான் உள்ளே கொண்டுவந்து நிறுத்தியது. கொண்டுவந்த வாய்கள் யாருடையவை? கொஞ்சமாவது நம் ஜனங்களுடையவையாக இருக்க வேண்டும். பெயர் வைக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

2

பெயரின்மை எல்லாம் ஒரே பெயரின்மை கிடையாது.

தமிழ் படித்தவர்கள் உடனே தொல்காப்பியத்தை எடுத்து நீட்டுவார்கள். அகத்திணையில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் பெயரில்லாமை இழிவு ஆகாது என்பார்கள். அகப்பாட்டில் தலைவனுக்கும் இல்லை, தலைவிக்கும் இல்லை, தோழிக்கும் இல்லை. எல்லோரும் சமமாகப் பெயரற்றவர்கள். படிக்கிறவர் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் நின்றுகொள்ளலாம். ரேணுகை கதையில் நாலு பேருக்குப் பெயர் இருந்து ஒருத்திக்கு மட்டும் இல்லை. அதை இலக்கணத்தில் சேர்க்க முடியாது. அது பந்தியில் இலை போடாமல் ஒருத்தியைத் தள்ளி உட்காரவைக்கிற காரியம்.

பெண்ணியம் பேசும் தோழிகள் வேறு இடத்திலிருந்து வருகிறார்கள். பெரியபுராணத்தில் இயற்பகை நாயனார் தம் மனைவியையே வேதியனாக வந்த சிவனிடம் ஒப்படைக்கிறார். அந்த அம்மாவுக்குப் பெயர் இல்லை. பழைய வேலைக்காரன் சிவனடியாராக வந்து நின்றபோது நீர் வார்க்கத் தயங்கிய மனைவியின் கையைக் கலிக்கம்ப நாயனார் வெட்டுகிறார். அந்த அம்மாவுக்கும் பெயர் இல்லை. ஆகவே பெண் என்றாலே பெயர் இல்லை, இதில் சாதி எங்கே வந்தது என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். சேக்கிழாருக்குப் பெயர் சொல்லத் தெரியாமல் இல்லை. சிறுத்தொண்டர் வீட்டில் மனைவி திருவெண்காட்டு நங்கைக்குப் பெயர் உண்டு, தாதி சந்தனத்தாருக்கும் உண்டு. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மனைவி மதங்கசூளாமணிக்கும் உண்டு. பெயர் இல்லாத மனைவியருக்கும் கூட இன்னாரின் மனைவி என்று ஒரு இடம் இருக்கிறது. நந்தனாரின் ஆதனூர்ச் சேரிக்கு வாருங்கள். அங்கே பெண்கள் கூட்டமாக வருகிறார்கள். நெல் குற்றுகிறார்கள், குழந்தையைத் தூங்கவைக்கிறார்கள், கள்ளுண்டு ஆடுகிறார்கள். கோழியும் குஞ்சும் மரமும் போல அவர்களும் சேரி வருணனையில் ஒரு பொருள். ஒருத்தி கூடத் தனியாக வந்து நிற்பதில்லை. திருநாளைப்போவாரைப் பெற்றவள் யார் என்று கேட்கப் புராணத்துக்குத் தோன்றவே இல்லை.

கல்லில் எழுதியதும் இப்படித்தான். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியேற்றினான். ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்காக 100 கலம் நெல் என்று சுவரில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அதே கோயில் கல்வெட்டுகளில், ஊர் ஊராக வரி கழித்துவிடப்பட்ட நிலங்களின் கணக்கில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது. அந்தச் சேரியில் குடியிருந்து அந்த நெல்லை நட்டு அறுத்தவள் வருவதில்லை. பெண் என்பதால் மட்டும் பெயர் போயிருந்தால் 400 பெயர்கள் எப்படிக் கல்லில் ஏறின?

திருவண்ணாமலைக்கே வருவோம். அருணாசல புராணம் சொல்லும் வல்லாள மகாராஜன் கதை இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். 14ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்ட ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனைச் சுற்றிக் கட்டிய கதை. சிவன் அடியார் வேஷத்தில் வந்து தாசி வேண்டும் என்று கேட்கிறார். ஊரில் ஒரு தாசியும் கிடைக்காமல் ராஜா தன் இளைய ராணி சல்லமாதேவியை அனுப்புகிறார். அவள் தொட்டதும் சிவன் குழந்தையாகிவிடுகிறார். பிள்ளை இல்லாத ராஜாவுக்குத் தானே பிள்ளையாக இருந்து கருமாதி செய்வதாக வாக்குக் கொடுக்கிறார். இன்றும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய் அந்தக் கடனைச் செய்துவிட்டு வருகிறார். ராணிக்குப் பெயர் இருக்கிறது. அவளுக்கு நேர்ந்த அவமானம் பக்தியாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி ஊரிலிருந்த தாசிகள் அத்தனை பேரும் எங்கே போனார்கள், யாரிடம் மாட்டிக்கொண்டார்கள் என்று எந்த மாசி மகத்திலாவது யாராவது கேட்டதுண்டா? அவர்கள் 'கிடைக்காதவர்கள்', அவ்வளவுதான்.

ஆக, பெயரின்மைக்குள்ளேயும் படிக்கட்டு இருக்கிறது. மேல்படியில் பெயரோடு அவமானப்படுத்தப்பட்டவள். அடுத்த படியில் இன்னாரின் பெண்டாட்டி என்று பெயரில்லாமல் இருப்பவள். கீழே வெறும் கூட்டம். எல்லாவற்றுக்கும் அடியில் சாதிப் பெயரே தன் பெயராகக் கிடப்பவள். 'பெயரற்ற பெண்கள்' என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கினால் இந்தப் படிக்கட்டு மறைந்துபோகும்.

3

பெயர் வைப்பது எப்போதுமே விடுதலை என்று நினைக்கிறவர்கள், நம் பெண்களுக்கு ஏற்கனவே வைக்கப்பட்ட பெயர்களின் கதையைப் படிக்க வேண்டும்.

அரக்கு மாளிகை கதையை எடுத்துக்கொள்வோம். ஆதிபர்வம். குந்தி கொடுத்த விருந்துக்கு ஒரு நிஷாதப் பெண் தன் ஐந்து பிள்ளைகளோடு வருகிறாள். குடித்துவிட்டு அங்கேயே படுத்துவிடுகிறார்கள். அந்த ராத்திரிதான் மாளிகைக்குத் தீ வைத்துவிட்டுப் பாண்டவர்கள் சுரங்க வழியே போகிறார்கள். காலையில் ஆறு கரிக்கட்டைகள். ஊர் அவற்றைக் குந்தியும் ஐந்து மக்களும் என்று நினைத்து அழுகிறது. அஸ்தினாபுரத்தில் குந்திக்குக் கருமாதி நடக்கிறது. கவனியுங்கள், நிஷாதிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. 'குந்தி' என்ற பெயர். செத்த பிறகு அவளுக்கு ஒரு ராணியின் பெயரும் ராணிக்குரிய சடங்கும் கிடைத்தன. அந்தப் பெயர் கிடைத்ததால்தான் ஆறு பேர் எரிந்துபோன விஷயமே வெளியில் வராமல் போனது. ஒரு பெயர் கொலையை மூடும் துணியாகவும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மகாசுவேதா தேவி இதைப் புரிந்துகொண்டவர். அவருடைய குந்தி, நிஷாதி கதையில் எரிந்துபோனவளின் மருமகள் பல வருஷம் கழித்துக் காட்டில் குந்திக்கு எதிரே வந்து நின்று கணக்குக் கேட்கிறாள். அவளுக்கு அழகான பெயர் ஒன்றைத் தேடி மகாசுவேதா அலையவில்லை. கேள்வி கேட்கும் வாயைக் கொடுத்தார். அதுதான் பெரிய காரியம்.

அடுத்தது வள்ளுவர். முதல் குறளில் இருக்கும் கடவுள் பெயரை இரண்டாக உடைத்து முன்பாதியைத் தாய்க்கும் பின்பாதியைத் தகப்பனுக்கும் கொடுத்தார்கள். ஆதி என்ற புலைச்சிக்கும் பகவன் என்ற பார்ப்பானுக்கும் பிறந்தவர் வள்ளுவர் என்று கதை கட்டினார்கள். பெற்ற ஏழு பிள்ளைகளையும் பிறந்த இடத்திலேயே போட்டுவிட்டு வருகிறவளாக ஆதியைக் காட்டினார்கள். தாயின் பெயர் தெரியாத ஒரு புலவனுக்குத் தாயின் பெயர் வைத்ததில் சேரிக்கு என்ன லாபம்? அறிவு பார்ப்பன விந்திலிருந்து வந்தது என்று சொல்வதற்குச் சேரிப் பெண்ணின் கருப்பை வேண்டியிருந்தது. அந்தக் கருப்பைக்கு ஒட்டிய சீட்டுத்தான் 'ஆதி'. இந்தக் கட்டுக்கதையை அயோத்திதாசப் பண்டிதர் அந்தக் காலத்திலேயே கடுமையாக எதிர்த்து எழுதினார். தன் ஜனத்தின் பெண் ஒருத்திக்குப் பெயர் கிடைத்ததே என்று அவர் சந்தோஷப்படவில்லை. அந்தப் பெயர் எதற்கு வேலை செய்கிறது என்று பார்த்தார்.

வள்ளுவரின் மனைவிக்கும் பெயர் வைத்தார்கள். வாசுகி. புருஷன் கூப்பிட்டதும் கிணற்றில் பாதியில் விட்ட கயிறு அப்படியே நின்றது, சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் ஊசியும் கிண்ணமும் ஏன் என்று கடைசிவரை கேட்கவில்லை - இதுதான் அவள் வாழ்க்கை வரலாறு. பெயரில்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவள் எதையாவது கேட்டிருப்பாள் என்று நாம் கற்பனையாவது செய்யலாம். பெயர் வைத்து வாயை அடைத்துவிட்டார்கள்.

மூன்றாவதுதான் நெஞ்சை அடைப்பது. தலை மாறிய பறைச்சியை, ஆந்திர, கன்னடப் பகுதிகளில் மாதிகப் பெண்ணை, மாதங்கி என்று அழைக்கும் வழக்கம் உண்டு. மாதங்கி என்பது மதங்கரின் பெண், அதாவது மறுபடியும் சாதிதான். அந்தப் பெயர் கதைக்குள்ளேயே நிற்கவில்லை. உயிருள்ள பெண்கள் மாதங்கிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளில் மாதிகர் பற்றிய பகுதியில் இதைப் பார்க்கலாம். திருவிழாவில் மேல்சாதிக்காரர்கள் மீது எச்சில் துப்பி ஏசுகிற அதிகாரம் அவளுக்கு ஒருநாள் உண்டு. மற்ற நாளெல்லாம் கல்யாணம் இல்லாத வாழ்க்கை. இந்தப் பக்கம் திருவள்ளூர், வேலூர் பகுதிகளில் அருந்ததியர் சிறுமிகளை மாத்தம்மாவுக்கு நேர்ந்துவிட்டார்கள். 1947இல் சென்னை மாகாணத்திலும் 1988இல் ஆந்திரத்திலும் பொட்டுக்கட்டுவதற்கு எதிரான சட்டம் வந்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் 2017இல் மாத்தம்மா வழக்கம் பற்றி தேசிய மனித உரிமை ஆணையம் இரு மாநில அரசுகளுக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. கதையில் ஒரு உடம்புக்கு வைத்த பெயர் நிஜத்தில் இன்னொரு உடம்பைத் தேடி வரும். தேடி வரும்போது அது மேலத்தெருவுக்குப் போகாது, சேரிக்குத்தான் வரும்.

4

சரி, நம் கவிஞர்கள் என்ன பெயர் வைக்கிறார்கள்? பூவின் பெயர், நிலவின் பெயர், தேன், மொழி, அருவி என்று காதுக்கு இனிமையான பெயர்கள். மனுவின் இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். பார்ப்பானின் பெயர் மங்கலமாகவும், சத்திரியன் பெயர் பலத்தையும் வைசியன் பெயர் செல்வத்தையும் காட்டுவதாகவும், சூத்திரன் பெயர் அருவருப்பாகவும் இருக்க வேண்டும் என்று விதி. பெண்ணின் பெயருக்குத் தனி விதி: சுலபமாக உச்சரிக்க வர வேண்டும், கேட்க இனிமையாக, ஆசீர்வாதம் போல இருக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் இன்னொன்று: நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை, பாம்பு, அடிமை, கடைச்சாதி ஆகியவற்றின் பெயரையும் பயங்கரமான பெயரையும் உடைய பெண்ணைக் கட்டிக்கொள்ளக் கூடாது. ஆக, சேரிப் பெண்ணுக்கு இனிமையான பெயர் வைத்து நாம் எந்தக் கலகமும் செய்துவிடவில்லை. கடைச்சாதிப் பெயரோடு இருந்தவளை எடுத்துக் கழுவி, மனு சம்மதிக்கும் பெயர் ஒன்றைச் சூட்டிப் பந்தலில் உட்காரவைக்கிறோம். அவளுக்கு இருந்த ஒரே முகவரியான 'பறைச்சி' என்ற வசவுச்சொல்லும் போய்விடுகிறது. அந்தச் சொல்லோடு அது சொல்லும் குற்றமும் போய்விடுகிறது. மேல்சாதி வாசகனுக்கும் இப்போது நிம்மதி. முல்லைக்காக அவனும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விடலாம்.

எங்கள் பக்கத்துக் கிழவிகளின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். குப்பம்மா, பிச்சை, மண்ணாங்கட்டி. பிறந்த பிள்ளை தங்காமல் போன துக்கத்தில் வைத்த பெயர் இருக்கும், நல்ல பெயர் வைத்தால் ஆண்டை என்ன சொல்வானோ என்ற பயத்தில் வைத்த பெயரும் இருக்கும். நம் புனைபெயர்களைவிட அந்தப் பெயர்களில் வரலாறு அதிகம். புராணத்துப் பறைச்சிக்குப் பெயர் வைக்கிற எந்தக் கவிஞரும் அவளுக்கு மண்ணாங்கட்டி என்று வைப்பதில்லை. ஏன் என்று அவர்களே யோசிக்கட்டும்.

5

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதில்லை. விவிலியத்தைப் படிக்கும் பெண்ணியவாதிகளிடமும் இது நடந்திருக்கிறது. நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தில் லேவியனின் மறுமனையாட்டி ஒருத்தி. ஊர்க்காரர்களிடம் வெளியே தள்ளப்பட்டு ராத்திரி முழுக்கச் சிதைக்கப்படுகிறாள். காலையில் வாசலில் கிடந்தவளைத் தூக்கிப்போய்ப் பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரவேலின் எல்லை எங்கும் அனுப்புகிறான் புருஷன். பெயர் இல்லை. பில்லிஸ் டிரிபிள் 1984இல் எழுதிய நூலில் அவளுக்குக் கல்லறைக் கல் ஒன்றைக் காகிதத்திலேயே நட்டார். அந்தக் கல்லில் புதுப்பெயர் எதுவும் இல்லை, பெயரில்லாத பெண் என்றே இருக்கிறது. மீக்கே பால் 1988இல் எழுதும்போது வேறு வழியில் போனார். பெயரில்லாமல் விட்டால் நானும் பிரதியின் வன்முறைக்குக் கூட்டாளியாகிவிடுவேன் என்று கருதி, எபிரேயத்தில் வீடு என்று பொருள்படும் 'பேத்' என்ற பெயரை வைத்தார். வீட்டுக்குள்ளிருந்து தள்ளப்பட்டவளுக்கு வீடு என்று பெயர். அடேல் ரைன்ஹார்ட்ஸ் 1998இல், பெயரின்மையும் பிரதியில் பொருள் தருகிறது, அதை நிரப்பாமல் படிக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார்.

மூன்று பேரும் யோசித்துச் செய்தவர்கள். பாலின் பெயரில் கூட இனிமை தேடல் இல்லை, கதையில் நடந்த குற்றம் அந்தப் பெயரிலேயே நிற்கிறது. சமாரியப் பெண்ணுக்குக் கீழைத் திருச்சபை வைத்த பெயரோடு இதை ஒப்பிடுங்கள். கிணற்றடியில் இயேசு தண்ணீர் கேட்டவள், தீண்டாத சாதிக்காரி, கேள்வி மேல் கேள்வி கேட்டவள். அவளைப் புனிதையாக்கி, ஒளிமிக்கவள் என்று பொருள்படும் ஃபோட்டினி என்ற பெயரை வைத்தார்கள். நம் தலித் கிறிஸ்தவத் தோழர்கள் அவளைக் கிணற்றோடும் தண்ணீர் மறுப்போடும் சேர்த்தே படிக்கிறார்கள். ஃபோட்டினி என்றால் நமக்கு யாரோ. 'சமாரியப் பெண்' என்றால் எந்தச் சேரியிலும் விளங்கும்.

பௌத்தத்தில் தேரிகாதையின் முதல் பாட்டு யாரோ ஒரு தேரி என்று மட்டும் அறியப்படுபவளுடையது. பெயர் தெரியவில்லை என்பதற்காகப் பாட்டைத் தூக்கிப்போடவில்லை, பொய்ப்பெயரும் ஒட்டவில்லை. முதல் இடத்திலேயே வைத்தார்கள். அதே தொகுப்பில் தண்ணீர் சுமந்த அடிமைப் பெண் புண்ணிகைக்குப் பெயரும் உண்டு, பார்ப்பானோடு வாதம் செய்யும் வாயும் உண்டு. பெயர் தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், இரண்டிலும் அவள் பேச்சைக் கேள். இந்த நேர்மையை நாம் பழகிக்கொள்ளலாம்.

6

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 'பெயர் இல்லாதவளை எப்படிக் கூப்பிடுவது? கூப்பிட முடியாதவளுக்காக எப்படிப் போராடுவது?' என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். வெண்மணியைச் சொல்கிறார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேரின் பெயர்களையும் நாம் கல்லில் பொறித்து வைத்திருக்கிறோமே, அது தப்பா என்கிறார்கள்.

தப்பே இல்லை. ஆனால் வெண்மணிப் பெயர்கள் நாம் உட்கார்ந்து யோசித்து வைத்தவை இல்லை. பெற்றவர்களிடமும் உற்றவர்களிடமும் கேட்டு எழுதியவை. கேட்டு எழுதுவதும் வைத்து எழுதுவதும் ஒன்றல்ல. முன்னது சாட்சியம், பின்னது புனைவு. புனைவு செய்யட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? புனைவு என்று தெரியும்படி செய்யட்டும் என்கிறேன். கவிதையில் வைத்த பெயர் அடுத்த வருஷம் மேடையில் வரலாறாகி, அதற்கடுத்த வருஷம் ஆராய்ச்சிக் கட்டுரையில் 'தொன்மம்' ஆகிவிடுகிறது. நாளைக்குக் கோயில்காரன் அதே பெயரில் சந்நிதி கட்டி உண்டியல் வைத்தால் என்ன செய்வோம்?

இன்னொரு பக்கமும் உண்டு. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்று 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 72ஆம் பிரிவாக அது தொடர்கிறது. உயிரோடு இருப்பவளுக்குப் பெயரின்மை சில நேரம் கேடயம். அந்தக் கேடயத்தைப் பிடிப்பதா கீழே வைப்பதா என்பதை அவள் முடிவு செய்ய வேண்டும். புராணத்துப் பறைச்சியிடம் யாரும் சம்மதம் கேட்க முடியாது. கேட்க முடியாத இடத்தில் நமக்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும், கூடுதல் சுதந்திரம் கிடையாது.

அப்படியானால் வழி? நம்மிடமே இருக்கிறது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் பெயர் தெரியவில்லை. அழகான பெயரை இட்டுக்கட்டாமல் அவரவர் பாட்டில் இருந்த தொடரையே பெயராக்கினார்கள். செம்புலப்பெயல்நீரார் அப்படி வந்தவர். அவர் சொன்னதே அவர் பெயர். இது புலவர்களின் சாமர்த்தியம் என்று நினைக்க வேண்டாம். சேரியில் பட்டப்பெயர் வைக்கிற இலக்கணமும் இதுதான். ஆள் என்ன செய்தாள், என்ன சொன்னாள் என்பதிலிருந்து பெயர் வரும். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அந்தப் பட்டப்பெயர்கள் எல்லாம் இலக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

போளூர்ப் பக்கம் ஒரு சேரியில் வயசான அம்மா ஒருவர் படவேட்டுக் கதையைச் சொன்னார். 'பறைச்சி' என்று ஒரு தடவை கூட அவர் வாயில் வரவில்லை. 'நம்ம ஊட்டுப் பொம்பள' என்றே சொல்லிக்கொண்டு போனார். அவங்க பேரு இன்னாம்மா என்று கேட்டதற்கு, 'பேரு இன்னாத்துக்கு? வெட்டுறதுக்கு வராங்கன்னு ஓடியாந்தவள உடாம புடிச்சிகினா பாரு, அவதான்' என்று முடித்துவிட்டார். மூன்று விஷயம் அதில் இருக்கிறது. சாதிவசவைத் தூக்கிப்போட்டு உறவைச் சொன்னார். பொய்ப்பெயர் வைக்க மறுத்தார். பார்ப்பனப் பிரதியிலும் வெள்ளைக்காரர் பதிவிலும் கவனிக்கப்படாத செயலை, வெட்டு விழும் என்று தெரிந்தும் கையை எடுக்காமல் நின்றதை, அவளுக்கு அடையாளமாக்கினார். ரேணுகை கட்டிக்கொண்டாள் என்பது ஊர்க் கதை. அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள் என்பது சேரிக் கதை. பெயர் தேடி அலைந்தவர்கள் யாரும் இந்த வித்தியாசத்தைக் கேட்கவே இல்லை.

எனவே நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பெயர் வைப்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். இந்தப் பெயர் அவளுக்கு நடந்ததை மறைக்கிறதா, காட்டுகிறதா? அவள் சாதியைக் கழுவி அவளை ஏற்கத்தக்கவளாக ஆக்குகிறதா? நாளைக்கு இந்தப் பெயரைச் சுமக்கப் போகிறவள் யார்? மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, அது ஏன் வெறுமை என்று எழுதுங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. இந்தக் கதைகளைச் சொல்லுகிற நம் ஆயாக்களின் பெயர்கள் எங்கே? நாட்டார் வழக்காற்றுத் தொகுப்புகள் பலவற்றில் தொகுத்த பேராசிரியரின் பெயர் அட்டையில் இருக்கிறது. சொன்னவள் 'தகவலாளி, பெண், வயது 70' என்று உள்ளே கிடக்கிறாள். இரண்டாயிரம் வருஷத்துப் பெயரின்மைக்காகக் கவிதை எழுதிக்கொண்டே நேற்றுக் கதை சொன்னவளைப் பெயரில்லாதவளாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம். இவளிடம் சம்மதம் கேட்க முடியும். பெயர் போடலாமா ஆயா என்று கேட்க முடியும். போடாதே என்றால் விட்டுவிட முடியும். போளூர் அம்மாவிடமும் கேட்டேன். 'பேரு கீறு போட்டுத் தொலைக்காத, ஊருக்குள்ள பேச்சாயிடும்' என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை.